சத்தம் மட்டும் கேட்டது

கிரேனிலிருந்து இறங்கிய கம்பிக்கட்டு சாரத்தில் மோதியதையும், கீழே நின்றவர்கள் சிதறி ஓடியதையும், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் அத்தனை பேரும் தப்பித்ததையும் போன வாரம் பார்த்தோம். "காத்து அடிச்சிடுச்சு" என்றார் கிரேனை ஓட்டிய உச்சி. வேலைத்தளத்தில் எல்லோரும் நம்பினார்கள். வீட்டில் அவர் மனைவியும் நம்பினாள். நம்புவதற்கு வசதியாக ஒரு காரணம் கிடைத்தால் யார்தான் அதை வேண்டாம் என்று தள்ளுவார்கள்?

உச்சி என்பது அவருடைய வேலைக்குக் கிடைத்த பெயர். கட்டடங்களுக்கும் மேலே, கோபுரக் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே எறும்பாகத் தெரியும் ஆட்களின் தலைக்கு மேல் கான்கிரீட் பலகைகளை நகர்த்துகிற வேலை. அங்கே கண்தான் முதலாளி, கை அதன் வேலைக்காரன் என்று அவரே பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையை நினைத்துத்தான் இப்போது அவர் மனைவி பயந்துகொண்டிருந்தாள்.

காரணம் வீட்டிலிருந்த சினிமாப் பெட்டி.

உச்சியின் தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருப்பதால் வீட்டில் அவன் பெயர் ஸ்க்ரூ. கடையில் மிச்சம் மீதி கிடந்த பாகங்களையெல்லாம் சேர்த்துப் படம் பார்ப்பதற்கென்றே அண்ணனுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்திருந்தான். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதன் விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டுப் போனார். அதனால் கம்ப்யூட்டரைப் பின்னாலுள்ள சாமான் அறைக்குத் தள்ளி, சுவரில் ஓட்டை போட்டு, சோபாவுக்கு அடியில் கேபிளை இழுத்து, கூடத்தின் எதிர்ச்சுவரில் இருந்த பெரிய டிவியில் மாட்டினார்கள். அன்றிலிருந்து படம் அவ்வப்போது போய்ப் போய் வந்தது. சில நொடி இருட்டு, பிறகு பழையபடி படம்.

இதற்கென்று அந்த வீட்டில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. படம் போனதைப் பார்த்தவர் "போச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அறைக்குப் பக்கத்தில் இருப்பவர் ஓடிப் போய்க் கேபிளை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். பிறகு "வந்துடுச்சு" என்ற குரல் வரும். யாரும் திரையைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்த்ததில்லை. குரலே போதும் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் செய்த தப்பு அதுதான்.

மூன்று நாள் முன்னால் மனைவி சமையலறையில் இருந்தபோது உச்சியின் "போச்சு" கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். திரையில் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. சரி, அதற்குள் வந்துவிட்டது போல என்று நினைத்துத் திரும்பப் போனாள். அப்போதுதான் அவர் சொன்னார், "வந்துடுச்சு."

படம் முன்பே ஓடிக்கொண்டிருந்ததே. இவர் ஏன் இப்போது சொல்கிறார்?

தாமதமாகச் சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றிரவு படுக்கையில் அந்தக் கம்பிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதன் பிறகு தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தனுக்குப் போன் போட்டு, எந்த வேலை இருந்தாலும் தள்ளி வைத்துவிட்டு வரச் சொன்னாள். கோளாறு கேபிளில் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், டிவியே புகைந்து போனாலும் பரவாயில்லை. அவருக்குள் இருந்துவிடக் கூடாது. ஒரு மெஷின் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று இப்படி உருகி வேண்டிக்கொண்ட பெண்ணை உலகம் பார்த்திருக்காது.

நாளைக்குத் திங்கட்கிழமை. விடிந்ததும் அவர் மறுபடி ஏணியில் ஏறிவிடுவார்.

ஸ்க்ரூ பெரிய பையோடு வந்தான். வந்ததும் வராததுமாகக் கேபிளைப் பிடுங்கினான், டிவியில் வேறு துளையில் செருகினான், கம்ப்யூட்டரில் ஏதோ இரண்டு அமைப்புகளை மாற்றினான், "இப்ப பாருங்க" என்றான்.

அவள் விடவில்லை. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாளெல்லாம் காதில் போனை வைத்துக்கொண்டு ஊரார் வீட்டு மெஷின் அழுவதைக் கேட்பவள் அவள். கொழுந்தன் அவளைப் புகார் அண்ணி என்று கேலி செய்வதுண்டு. எத்தனையோ வீட்டில், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு எது சரியாயிற்று என்று தெரியாமல் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறாள்.

"தம்பி, எல்லாத்தையும் பழையபடி வைங்க. ஒண்ணு ஒண்ணா மாத்தலாம். எதுல கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"படம் வந்தாப் போதாதா அண்ணி?"

"போதாது."

அவள் சொன்ன விதத்தில் ஸ்க்ரூ நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி மாட்டினான்.

உச்சி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். டிவியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இவள் ஏன் தன்னிடம் கேட்கிறாள் என்று அவருக்கு எரிச்சல். எப்போது போகிறது, எவ்வளவு நேரம் போகிறது, தினமும் போகிறதா என்று அவள் ஆபீஸ் பாணியில் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் தலையைச் சொறிந்து சொறிந்து பதில் சொன்னார். கடைசியாக, மெஷின் நின்றால் சத்தமும் நிற்கிறதா என்று அங்கே கேட்கிற பழக்கத்தில் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"படம் போகும்போது சத்தமும் போகுதா?"

"இல்லையே. சத்தம் பாட்டுக்குக் கேக்கும். படம்தான் போகும்."

டிவிக்குப் பின்னால் தலையை விட்டிருந்த ஸ்க்ரூ அங்கிருந்தே சொன்னான். "அது எப்படிண்ணே? ரெண்டும் ஒரே கேபிள்லதானே வருது. போனா சேர்ந்துதான் போகும்."

"எனக்கென்னடா தெரியும்? கேட்டுச்சு, சொல்றேன்."

"அந்த நீலக் கட்டம் வருமே, சிக்னல் இல்லைன்னு எழுதி. அது வரும்ல?"

"நீலக் கட்டமா?" உச்சி யோசித்தார். "நான் பார்த்ததில்லையே. எனக்கு மொத்தமா கறுப்பாத்தான் போகும்."

ஸ்க்ரூ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு இதெல்லாம் எங்கே கவனத்தில் நிற்கப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தான். அவளால் அப்படி விட முடியவில்லை. கேபிளில் கோளாறு என்றால் நீலக் கட்டம் வந்தாக வேண்டும். அவளே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை என்றால், அந்த நேரத்தில் இருட்டாகப் போனது எது? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள்.

அதற்குள் ஸ்க்ரூ தன் மடிக்கணினியை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துக் குட்டையான வேறு கேபிளில் இணைத்திருந்தான். படம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஆக டிவியில் குறையில்லை. அடுத்து மடிக்கணினியைச் சாமான் அறைக்குக் கொண்டுபோய், பழைய நீளக் கேபிளில் மாட்டினான். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. உச்சி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தன் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். திரை கறுத்தது, சத்தம் நின்றது. நடுவில் நீலக் கட்டம் வந்தது.

"போச்சு" என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். மெஷினிலும் கோளாறு இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. அவரை எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்தார், படம் வந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், படம் போயிற்று. ஸ்க்ரூ தரையோடு தரையாகப் படுத்து சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தான். பிறகு அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

நீளமான கேபிள் கிடைக்காத அன்றைக்கு அவனே இரண்டு கேபிளைச் சேர்த்து நடுவில் ஒரு இணைப்பான் போட்டிருந்தான். அதன் மேல்தான் சோபாவின் ஓரக்கால் ஏறி நின்றது. அண்ணன் உட்காரும்போதெல்லாம் அவருடைய கனம் முழுக்க அந்தத் தீப்பெட்டி அளவு சாமான் மேல் இறங்கியிருக்கிறது. "உன் எடைக்கு இது இத்தனை நாள் உயிரோட இருந்ததே பெருசுண்ணே" என்றான் ஸ்க்ரூ.

உச்சி சிரித்தார். வழக்கமாக அவர் சிரிப்பது போல் இல்லை. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "பார்த்தியா, வயர்தான்னு நான் சொன்னேன்ல? நான் உட்கார்ந்தாப் போகுது. அவ்வளவுதான் விஷயம்" என்று மனைவியைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு கேபிள் சரியாவதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரா இவர்? புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாலே "எதுக்கு இது" என்று கேட்பவர். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மூன்று நாளாக அவள் எந்தக் கேபிளை நம்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாளோ, அதே கேபிளை அவரும் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்றுதான் தெரியவில்லை. ஒரே படுக்கையில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்திருக்கிறார்கள்.

ஆபீசில் பழைய மெக்கானிக் ஒருவர் சொல்வார்: மெஷினில் ஒரு கோளாறு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம், இரண்டு கோளாறு சேர்ந்திருந்தால்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும், ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டே இருக்கும். அவள் அதை நினைத்துக்கொண்டே, ஸ்க்ரூ பையிலிருந்து எடுத்த புதுக் கேபிளை, இணைப்பில்லாத ஒரே நீளக் கேபிளை, சுவரோரமாக இழுத்து ஒட்ட உதவினாள். சோபாவைத் தள்ளிப் போட்டார்கள். எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். ஸ்க்ரூ குதித்துக்கூடப் பார்த்தான். படம் அசையவில்லை.

கடலுக்கடியில் மீன்கள் திரிகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு, சாமான் அறையில் தான் இறைத்ததை அள்ளி வைக்க ஸ்க்ரூ உள்ளே போனான். உச்சி காலை நீட்டி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பார்த்தது திரையை அல்ல, அவருடைய முகத்தை.

ஆரஞ்சும் நீலமுமாக மீன்களின் நிறம் அவர் முகத்தில் விழுந்து ஓடியது. ஒரு பெரிய சுறா சட்டென்று குறுக்கே வந்தபோது அவள் திடுக்கிட்டாள். அவர் திடுக்கிடவில்லை. இமைகூட அசையவில்லை. கண்கள் திரையைப் பார்த்தபடிதான் இருந்தன, ஆனால் சுறா போன பக்கம் திரும்பவில்லை. அவர் வலது கை மட்டும் சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்தது. பழக்கத்தில் வர இருந்த வார்த்தையை அவர் விழுங்கிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இமைத்தார். திரையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. வேலைத்தளத்துச் சூப்பர்வைசர். அவள் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை மட்டும் நிறுத்தினாள். மற்ற கிரேன்காரருக்குக் காய்ச்சலாம், பலகை ஏற்றி வந்த லாரிகள் வாசலில் நிற்கின்றனவாம், ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளமாம், உடனே வர வேண்டுமாம். போனுக்கு வெளியே கேட்கும்படி அந்த மனிதர் கத்தினார். உச்சி "வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, செருப்பு கிடக்கும் பக்கம் காலால் துழாவினார்.

"போகாதீங்க" என்றாள்.

"லாரி நிக்குதுன்னு சொல்றான், காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இப்ப உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. நான் பார்த்தேன்."

அவர் மறுக்கப் போனார். பிறகு சோபாவிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணுக்கு முன்னாடி யாரோ திரையை இறக்கின மாதிரி இருக்கும். உடனே தூக்கிடுவாங்க. அவ்வளவுதான். வீட்டுல மட்டும்தான் வருதுன்னு நினைச்சேன். அதான் டிவின்னு நினைச்சேன்."

"வீட்டுல மட்டும்தானா?"

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அந்தக் கம்பிக்கட்டு?"

"கீழே ஆளுங்க நின்னாங்க" என்றார். "எங்க நின்னாங்கன்னு ஞாபகத்துல வெச்சுக்கிட்டுத்தான் இறக்கினேன்."

கண் தெரியாமல், ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, தலைகளுக்கு மேல் இரும்பை இறக்கியிருக்கிறார். அதை இவ்வளவு நாள் மென்று விழுங்கியிருக்கிறார். டாக்டரிடம் போனால் கண் என்று எழுதிவிடுவார்கள், கண் என்று எழுதினால் கூண்டில் ஏற விடமாட்டார்கள், ஏற விடாவிட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று அவர் சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். அவள் அவர் மடியிலிருந்த போனை எடுத்து, கடைசியாக வந்த எண்ணுக்கே அழைத்தாள்.

"நான் அவர் சம்சாரம் பேசறேன். அவருக்குக் கண்ணுல கோளாறு. இன்னைக்கு வரமாட்டார். கண்ணு சரின்னு டாக்டர் சொல்ற வரைக்கும் மேல ஏறமாட்டார்."

மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

உச்சி அவளைப் பார்த்த பார்வையை அவள் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. "என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்ட" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. உள்ளே சாமான் அறையில் ஸ்க்ரூ ஏதோ பாட்டை முனகிக்கொண்டு அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வேண்டும், வண்டி எடுக்கச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்க்க வேண்டும் என்று அவள் மனம் ஓடியது. திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும், ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருக்கட்டும். கீழே தரையில் இருக்கிறார், அது போதும்.

"சரி, கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கோபம் போல என்று நினைத்து அவளும் எழுந்திருக்காமல் திரையைப் பார்த்தாள். எதிரே பெரிய திரையில், சத்தமில்லாமல், ஆயிரக்கணக்கில் சின்ன மீன்கள் ஒன்றாகத் திரும்பி வெள்ளியாக மின்னின. கூடமே அந்த வெளிச்சத்தில் மினுங்கியது.

உச்சி கையை நீட்டினார். அவள் இருந்த இடத்தில் அல்ல, அவளுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சோபாவைத் தடவினார்.

"டிவியை நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.